பன்னிரண்டாவது படம்

என் அத்தைக்கு மனிதர்களைப் படம் எடுக்கப் பிடிக்காது. வீட்டில் நல்ல கேமரா இருந்தும் எங்கள் குடும்பத்தில் ஒருவரையும் அவள் எடுத்ததில்லை. தம்பியின் ஞானஸ்நானத்துக்குக்கூட தாம்பரம் மார்க்கெட் பக்கத்து ஸ்டுடியோவிலிருந்துதான் ஆள் வந்தார். அவர் எங்களை உயரவாரியாக நிறுத்திக்கொண்டிருந்தபோது அத்தை பின்வரிசையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு இது தீராத மனக்குறை. யாராவது வீட்டுக்கு வந்தால் காப்பி கொடுக்கும்போதே இதையும் சேர்த்துக் கொடுத்துவிடுவாள்.

அத்தை எடுத்ததெல்லாம் கல்லறைகள். அதிலும் வெள்ளையடித்து, மெழுகுவத்தி ஏற்றி, கல்லறைத் திருநாளன்று பூப்போடும் கல்லறைகளை அவள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. சொந்தக்காரர்கள் கப்பலேறிப் போய், பெயர் அழிந்து, புதர் மூடிக் கிடப்பவைதான் அவளுக்கு வேண்டும்.

அத்தை அப்பாவின் தங்கை. பெண்கள் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியை. கல்யாணப் பேச்சு எடுத்து எடுத்து அலுத்துப்போய் எல்லோரும் விட்டுவிட்ட வயது. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டின் முன்னறையில் இருந்தாள். அவள் பள்ளியின் வெள்ளைக்காரத் தலைமையாசிரியை ஓய்வு பெற்று ஊர் திரும்பும்போது, மேசை நாற்காலிகளை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கேமராவை அத்தைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கண்கள் வைத்த பெட்டி அது. மேல் மூடியைத் திறந்து குனிந்துதான் பார்க்க வேண்டும். உள்ளே சதுரக் கண்ணாடியில் உலகம் இடம் வலம் மாறித் தெரியும். ஆடு இந்தப் பக்கம் நடந்தால் கண்ணாடியில் அந்தப் பக்கம் நடக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை. கண்ணாடிக்குள் போய்விட்டால் நான் எந்தக் கையால் எழுதுவேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

சனிக்கிழமைகளில் மின்சார ரயிலேறிப் பல்லாவரம் போவோம். அங்கே தண்டவாளத்தைத் தாண்டி, குன்றின் அடிவாரத்தில், பட்டாளத்து வெள்ளைக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று இருந்தது. சுற்றுச்சுவர் நாலு இடத்தில் விழுந்திருந்தது. இரும்புக் கேட் திறந்தபடியே துருப்பிடித்து மண்ணில் புதைந்துவிட்டதால் அதை இனி யாரும் சாத்த முடியாது. உள்ளே வேலிக்காத்தானும் எருக்கும் ஆளுயரம். ஒரு காப்டனின் நெஞ்சைப் பிளந்துகொண்டு ஆலங்கன்று வளர்ந்திருந்தது. கோவைக்கொடி ஏறிய கல் சிலுவைகளில் சிவப்பாகப் பழம் தொங்கும். கிளிகள் வந்து கொத்தும்.

என்னை அத்தையோடு அனுப்பியது அம்மா. தனியாக ஒரு பெண் அப்படிப்பட்ட இடத்துக்குப் போகக்கூடாதாம். அதற்குக் காவலாகப் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி. அப்பாவுக்கு இதில் இருந்த கணக்கு புரிந்ததாகத் தெரியவில்லை. எனக்கோ சனிக்கிழமை வீட்டு வேலையிலிருந்து தப்பினால் போதும்.

அத்தை படம் எடுக்கும் விதம் எனக்கு விநோதமாக இருந்தது. போன உடனே எடுக்க மாட்டாள். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தோட்டத்தை ஒரு சுற்று நடப்பாள். ஏதாவது ஒரு கல்லின் முன் நின்றுவிடுவாள். முக்காலியைப் போட்டு, கேமராவைப் பொருத்தி, குனிந்து பார்த்து, பிறகு நிமிர்ந்து வானத்தைப் பார்ப்பாள். மேகம் வர வேண்டும், அல்லது போக வேண்டும். சில சமயம் அதற்கே ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை நான் கல்லறைகளைப் படித்துக்கொண்டு திரிவேன். காலரா, காய்ச்சல், குதிரையிலிருந்து விழுந்தது. எலைசா என்றொருத்தி பதினோரு வயதில் செத்திருந்தாள். அவளுக்கும் எனக்கும் ஒரே வயது என்பதால் அவள் கல்லின்மேல் உட்கார்ந்துதான் கட்டுச்சோறு தின்பேன்.

ஒருமுறை ஒரு பெயரைப் படிப்பதற்காகப் பிரண்டைக் கொடியைப் பிடித்து இழுத்துவிட்டேன். அத்தை என்னைக் கோபித்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

"பேரு படிக்கணும்னா என்னைக் கூப்பிடு, தூக்கிக் காட்டறேன். பிய்க்காதே. அது ஏற எத்தனை வருஷம் ஆச்சோ."

கல்லைவிடக் கொடிதான் அவளுக்கு முக்கியம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வீட்டில் அவள் படங்களை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தாள். ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் ஒரு சொல் எழுதியிருக்கும். கர்னல், காப்டன் பெயரெல்லாம் இல்லை. பிரண்டை, கோவை, ஆல், எருக்கு. அவ்வளவுதான். பிலிம் கழுவிக் கொடுக்கும் ஸ்டுடியோக்காரர் முதல் சுருளைக் கொடுத்தபோது கவலையோடு கேட்டாராம்: "டீச்சர், பன்னிரண்டும் வந்திருக்கு. ஆனா ஒண்ணுலயும் ஆளே விழலியே?" எங்கள் ஆயர் ஒருநாள் வீட்டுக்கு வந்து டின் முழுவதையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, மனித வாழ்வின் நிலையாமையை நன்றாகக் காட்டியிருக்கிறாய் அம்மா என்றார். அத்தை தலையாட்டினாள். அவர் போன பிறகு என்னிடம், "நான் செடி வளர்றதைத்தான் எடுத்தேன்" என்றாள்.

அந்தத் தோட்டத்துக்கு ஒரு காவல்காரர் உண்டு. அவருடைய அப்பாவும் அங்கே காவல்காரராக இருந்தவர். சம்பளம் கொடுத்தவர்கள் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். போகச் சொல்ல மட்டும் மறந்துவிட்டார்கள். அதனால் அவர் அங்கேயே இருந்தார். தோட்டத்தின் நடுவில் எட்டுத் தூண்களும் மேலே கவிழ்த்த கிண்ணம்போல ஒரு கூரையுமாக மண்டபம் மாதிரி ஒரு பெரிய கல்லறை இருந்தது. அதில்தான் அவரும் மனைவியும் நாலு வயது மகளும் குடியிருந்தார்கள். தூண்களுக்கு நடுவில் கோணிப்பை கட்டியிருந்தார்கள். உள்ளே கர்னலும் அவர் மனைவியும் படுத்திருந்த பளிங்குப் பலகைமேல் அரிசிப் பானையும் படுக்கைச் சுருட்டும் இருக்கும். காவல்காரர் மனைவி வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பலகைக்குக் குங்குமம் வைப்பாள். கேட்டால் சிரிப்பாள்.

"தொரதான் பாப்பா எங்க ஹவுஸ் ஓனரு. கோச்சிக்கினார்னா அப்பால எங்க போறது?"

காவல்காரர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு நுங்கு சீவிக் கொடுப்பார், பாம்பு இருக்கும் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வார். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் தவறாமல் ஒரே கேள்வியைக் கேட்பார்: "சர்வேக்காரங்க அனுப்பிச்சாங்களா டீச்சரம்மா? எடத்த அளக்கப் போறாங்களா?" அத்தையும் தவறாமல், "இல்லண்ணே, நான் சும்மா ஆசைக்கு எடுக்கறேன்" என்பாள். பாவம், மறதிக்காரர் என்று நான் நினைத்தேன்.

அத்தையின் கேமரா அந்த மண்டபத்தின் பக்கம் ஒருநாளும் திரும்பியதில்லை. தோட்டத்திலேயே அழகான கல்லறை அதுதான். கூரையின் விரிசலிலிருந்து ஒரு ஆலவேர் தூணோடு தூணாக இறங்கியிருக்கும். சாயங்கால வெயில் அதன்மேல் விழும்போது அத்தை கொஞ்ச நேரம் நின்று பார்ப்பாள். பிறகு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவாள். கொடியில் காயும் துணிகள் படத்தைக் கெடுத்துவிடும் என்பதால்தான் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். ஒருமுறை, துணியை எடுத்துவிடச் சொல்லட்டுமா என்றுகூடக் கேட்டேன். வேண்டாம் என்றாள்.

ஒரு சுருளில் பன்னிரண்டு படம். பதினொன்று அத்தைக்கு, பன்னிரண்டாவது எனக்கு. எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம் இது. அதுவரை நான் எடுத்தவற்றில் ஒன்று ஆட்டின் வால், ஒன்று என் கால் கட்டைவிரல், மற்றவை வெறும் வானம். அத்தை அவற்றையும் டின்னில் வைத்து, பின்னால் வால், விரல் என்று எழுதியிருந்தாள்.

எழுபத்தொன்று டிசம்பர் தொடக்கத்தில் போர் மூண்டது. வீட்டு ஜன்னல்களில் பழுப்புக் காகிதம் ஒட்டினோம். கார்களின் முன்விளக்குகளில் பாதிக்குக் கறுப்பு மை பூசினார்கள். தாம்பரத்தில் விமானப்படை இருந்ததால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஒரு முக்கியத்துவம் வந்துவிட்டது. பள்ளியில் பேச்செல்லாம் ஒற்றர்களைப் பற்றித்தான். புறா வளர்ப்பவன், மாடியில் டிரான்சிஸ்டர் கேட்பவன், புதிதாகக் குடிவந்தவன், யாரையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அப்பா போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். ஆனால் வெள்ளிக்கிழமை முழுக்க மழை பெய்து விடிந்ததும் வெளுத்திருந்தது. மழை விட்ட மறுநாள் வெளிச்சத்தை அத்தை போருக்காகவெல்லாம் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

அன்று அவள் ஓட்டமும் நடையுமாகப் படம் எடுத்தாள். பாசி பச்சையாகப் பொங்கியிருந்தது. இலைகளெல்லாம் கழுவிவிட்ட மாதிரி மின்னின. பதினொன்று முடிந்ததும் கேமராவை என் கழுத்தில் மாட்டினாள். "எது வேணா எடு. மண்டபத்துப் பக்கம் மட்டும் போகாதே" என்று சொல்லிவிட்டுச் சேறு அப்பிய காலைக் கழுவக் கிணற்றுப் பக்கம் போனாள்.

நான் எலைசாவை எடுக்கத்தான் போனேன். வழியில் காவல்காரர் மனைவி கூப்பிட்டாள்.

"இன்னா பாப்பா, எப்பப் பாத்தாலும் கல்லையே புடிக்கிறீங்க? எங்கள எல்லாம் புடிக்க மாட்டியா?"

சொன்னதோடு நிற்காமல் மகளை இழுத்துத் தலைவாரி, எங்கிருந்தோ ஒரு கனகாம்பரத்தைப் பறித்துச் செருகி, அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு தூணுக்கு முன்னால் நின்றுவிட்டாள். சிறுமி ஓர் ஆட்டுக்குட்டியையும் தூக்கிக்கொள்ள வேண்டும் என்று அழுதாள். குட்டியும் வந்தது. கண்ணாடியில் குனிந்து பார்த்தேன். தூண்கள், கோணிப்பை, கொடியில் நீலப் புடவை, புகையும் அடுப்பு, பின்னால் பளிங்கின்மேல் பானை, எல்லாம் இடம் வலம் மாறி, சின்னதாக, அடக்கமாக அந்தச் சதுரத்துக்குள் இருந்தன. இத்தனை அழகான எதையும் அத்தை எடுத்ததில்லை என்று எனக்குத் தோன்றியது. மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்தினேன்.

நிமிர்ந்தால் காவல்காரர் ஆடுகளோடு நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா பண்ணிக்கினு கீற?"

"போட்டோ. உங்க வீட்டோட சேர்த்து எடுத்திருக்கேன்."

"அத்த வெச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க?"

என் படத்துக்குக் கொஞ்சம் பெருமை சேர்க்க வேண்டியிருந்தது. கழுவி, பிரிண்ட் போட்டு, எல்லோருக்கும் காட்டுவோம் என்றேன். சர்ச்சில்கூடக் காட்டுவோம் என்றேன். பின்னது பொய். சர்ச்சில் அத்தையின் படங்களை ஆயரைத் தவிர யாரும் பார்த்ததில்லை. காவல்காரர் ஆடுகளை அப்படியே விட்டுவிட்டுக் கேட்டைப் பார்த்து வேகமாக நடந்தார். ஏதோ ஆடு தப்பிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

கடைசிப் படம் எதை எடுத்தாய் என்று அத்தை கேட்டபோது, சும்மா ஒரு ஆட்டை எடுத்தேன் என்றேன். முழுப் பொய் இல்லை. குட்டி இருந்ததே.

பல்லாவரம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தோம். ஒரு ஏட்டும் ஒரு கான்ஸ்டபிளும் நடைமேடையில் நேராக எங்களை நோக்கி வந்தார்கள். ஏட்டு கேமராவைக் காட்டி, "அத இப்படிக் குடும்மா" என்றார். மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவது தெரியும் இடத்தில் நின்று ஒரு அம்மா பல மாதமாகப் படம் எடுப்பதாகத் தகவல் வந்ததாம். அத்தை விளக்கம் சொல்ல ஆரம்பித்ததும் கூட்டம் கூடிவிட்டது. கல்லறைகளை எதற்கு எடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவள், "அழகா இருக்கறதனால" என்றாள். கூட்டத்துக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. "பொம்பள ஸ்பைபா" என்று யாரோ சொன்னது கேட்டது. எனக்குப் பயமாக இருந்தது. அதோடு, திங்கட்கிழமை பள்ளியில் சொல்வதற்கு இதைவிடப் பெரிய செய்தி இனி என் வாழ்க்கையில் கிடைக்காது என்றும் பட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் கல்லறைத் தோட்டத்துக் காவல்காரர் நின்றிருந்தார். தெரிந்த முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் கையை ஆட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காவல் நிலையத்தில் அவர் ஏட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "அந்த ரோல உருவி வெயில்ல காட்டிட்டு வுட்டுடுங்க சார். நல்ல அம்மாதான். ரோலு போனா போதும் சார்." வெளிச்சம் பட்டால் சுருள் பாழாகிவிடும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவளே அத்தைதான். ஏட்டு கேமராவைத் திறக்கப் போனார். அத்தை பதறி எழுந்தாள். அதற்குள் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். நரைத்த மீசையும் மெல்லிய குரலுமாக, பள்ளி ஆசிரியர்போல இருந்தார்.

"திறக்காதய்யா. கழுவிப் பாத்தாத்தானே உள்ள என்ன இருக்குன்னு தெரியும்?"

அத்தை அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். காவல்காரர் சுவரோடு சுவராகச் சாய்ந்துகொண்டார்.

சாயங்காலம் அப்பா வந்து எழுதிக் கொடுத்து எங்களை அழைத்துப் போனார். திங்கட்கிழமை மறுபடியும் வர வேண்டும். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை ஒன்று இருந்தது. சர்ச்சில் எங்கள் பெஞ்சில் எங்களைத் தவிர யாரும் உட்காரவில்லை. அத்தைக்கு வேலை போய்விடும் என்று அம்மா அழுதாள். போலீஸ் வீட்டைச் சோதனை போட்டால் என்ன செய்வது என்று பயந்து, பிஸ்கட் டின்னில் இருந்த படங்களை ஒரு துணிப்பையில் கட்டி அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டாள். படங்களோடு அவளுக்கிருந்த சண்டையெல்லாம் அந்த ஒரு நாள் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் ஈரம் படாமல் இருக்கப் பழைய காலண்டர் தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றினாள். சுற்றும்போது ஒவ்வொன்றையும் பார்த்தாள். ஆலங்கன்று படத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

திங்கட்கிழமை அப்பாவும் அத்தையும் நானும் போனோம். என்னையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் மேசைமேல் பன்னிரண்டு படங்களை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். காவல்காரரையும் வரவழைத்து ஓரமாக நிற்க வைத்திருந்தார்கள். ஒவ்வொரு படமாகத் தூக்கிப் பார்த்த இன்ஸ்பெக்டர் சிலுவையில் கொடி சுற்றிய படத்தில் நின்றுவிட்டார்.

"இது என்ன கொடி, டீச்சர்?"

"பிரண்டை சார்."

"துவையல் அரைப்பாங்களே, அதா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் பார்த்தார். "சங்கிலி போட்டுக் கட்டின மாதிரி இருக்கு." பிறகு ஏட்டைப் பார்த்து, இதில் எங்கேய்யா விமானம் என்றார். ஏட்டு படங்களை வெளிச்சத்தில் பிடித்து, தலைகீழாக்கியும் பார்த்தார். விமானம் இல்லை. அப்பா மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்.

பன்னிரண்டாவது படம் கடைசியாகக் கிடந்தது. கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஆனால் வால் இல்லை, விரல் இல்லை, எல்லாம் துல்லியமாக விழுந்திருந்தது. நீலப் புடவை சாம்பல் நிறத்தில் காற்றில் உப்பியிருந்தது. சிறுமி ஆட்டுக்குட்டியின் கழுத்தை நெரித்துக்கொண்டு சிரித்தாள். அத்தை அதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

"இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அது தவறுதலா விழுந்தது சார்" என்றாள் அத்தை சட்டென்று. "வேஸ்ட். கிழிச்சுப் போட்டுடலாம்."

"ஏம்மா, இதுதானே நல்லா இருக்கு? மத்ததுல எல்லாம் ஒரு ஜீவன் இல்ல. இதுல மனுஷங்க இருக்காங்க."

அத்தையின் படங்களை விட்டுவிட்டு என் படத்தை ஒரு பெரிய மனிதர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. வேஸ்ட் என்று அவள் சொன்னது வேறு எனக்கு உறுத்தியது. நான்தான் எடுத்தேன் சார் என்று முன்னால் வந்துவிட்டேன். அவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். இவர்கள் யார், இந்த இடம் எது என்று கேட்டார். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். இவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள், காவல்காரரின் அப்பா காலத்திலிருந்தே இருக்கிறார்கள், இது கர்னல் துரையின் கல்லறை, அவர்மேல்தான் பானை வைப்பார்கள், மழை பெய்தால் ஆடுகளையும் உள்ளே கட்டுவார்கள். ஒன்றையும் விடவில்லை. பள்ளியில்கூட நான் அத்தனை சரளமாகப் பேசியதில்லை. அத்தையின் கை என் தோளில் இருந்தது. அது இறுக இறுக, அவளுக்கும் பெருமை தாங்கவில்லை என்று எண்ணி இன்னும் சொன்னேன். காவல்காரர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் எதையோ எழுதிக்கொண்டார். கடைசியில் அந்தப் படத்தை எடுத்து, "நீ எடுத்தது, நீயே வெச்சுக்கோ" என்று என் கையில் கொடுத்தார். அத்தையிடம் கேமராவையும் மற்ற படங்களையும் கொடுத்து, போர் முடியும்வரை வெளியே எடுக்க வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். ரயிலில் அப்பா எனக்குக் கடலை வாங்கிக் கொடுத்தார். அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். என் படத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் சொல்லாததற்குப் பொறாமைதான் காரணம் என்று முடிவு செய்தேன்.

அந்த வாரமே போர் முடிந்தது. பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை பல்லாவரம் போனோம். கேட்டைப் பெயர்த்து நிமிர்த்திச் சங்கிலி போட்டிருந்தார்கள். வேலிக்காத்தானை எல்லாம் வெட்டிக் குவித்திருந்தார்கள். உள்ளே காக்கிச் சட்டை போட்ட ஒரு புது ஆள் இருந்தார். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் கமிட்டிக்குப் போலீசிலிருந்து கடிதம் போனதாம், கமிட்டியார் வந்து பார்த்து அதிர்ந்து போனார்களாம், கர்னலின் கல்லறையில் ஆட்டுப்புழுக்கை மட்டும் மூன்று கூடை அள்ளினார்களாம். அவர் பெருமையாகச் சொன்னார். மண்டபம் பெருக்கிக் கழுவிப் பளிச்சென்றிருந்தது. ஆலவேரை மட்டும் இன்னும் வெட்டவில்லை. துணிக்கொடி கூட இல்லை. இப்போது எடுக்கலாமே அத்தை என்றேன். அவள் முக்காலியை வைத்து, மூடியைத் திறந்து, ரொம்ப நேரம் குனிந்து பார்த்தாள். மேகம் வந்தது, போனது. மூடியைச் சாத்திவிட்டாள். அன்று ஒரு படமும் எடுக்காமல் திரும்பினோம். காட்டிக் கொடுத்தவருக்குத் தண்டனை கிடைத்துவிட்டது, கதைகளில் வருவதுபோலவே சரியாக நடந்திருக்கிறது என்று எனக்கு உள்ளூரத் திருப்தியாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் காவல்காரர் மனைவி எதிரே வந்தாள். பம்மலில் தோல் பதனிடும் இடத்தில் புருஷனும் பெண்டாட்டியும் வேலை செய்கிறார்களாம். தோல் ஊறவைக்கும் மருந்துத் தண்ணீரில் அவள் விரல்நுனிகள் நீலம் பாய்ந்திருந்தன. அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள்தான் பேசினாள், அதுவும் என்னிடம்.

"பாப்பா, அந்தப் போட்டோ வந்துச்சா? நல்லா விழுந்துச்சா?"

அத்தை அடுத்த வாரமே ஸ்டுடியோக்காரரிடம் அந்தப் படத்தைப் பெரிதாகப் போடச் சொன்னாள். அவள் எடுத்த எதையும் அவ்வளவு பெரிதாகப் போட்டதில்லை. ஸ்டுடியோக்காரருக்கு மிகுந்த சந்தோஷம். கடைசியில் டீச்சருக்கும் ஆள் விழ ஆரம்பித்துவிட்டது என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அதை எடுத்துக்கொண்டு பம்மல் போனோம். தெருவுக்குள் நுழைந்ததுமே தோல் நாற்றம் கண்ணைக் கரித்தது. ஓலைக் கூரையும் தட்டியுமாக ஒரு வரிசை வீடுகள். கடைசியிலிருந்து இரண்டாவது அவர்களுடையது. காவல்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அத்தை அவரை நன்றாகத் திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"நாந்தான் டீச்சரம்மா போய் சொன்னேன்" என்றார் அவர்.

"தெரியும்ணே" என்றாள் அத்தை. படத்தை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் பார்த்துவிட்டு மனைவியிடம் கொடுத்தார். அவள் தன் முகத்தையோ மகளின் முகத்தையோ பார்த்ததாகத் தெரியவில்லை. விரலை வைத்துப் பானையைத் தொட்டாள், அடுப்பைத் தொட்டாள், தூணைத் தொட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு, "இதான் எங்க வூடு, பாரு, எம்மாம் பெருசு" என்று காட்டினாள். அவர்கள், எந்த ஜமீன்தாரு மாளிகைடி இது என்று சிரித்தார்கள். யார் எடுத்தது என்று ஒருத்தி கேட்டாள். "இந்தப் பாப்பாதான்" என்று அவள் என்னைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. வந்திருக்கும் வீட்டுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று அம்மா சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"அடுத்த தடவை கேமரா கொண்டு வந்து இந்த வீட்டையும் எடுக்கறேன்" என்றேன்.

காவல்காரர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவள் சிரித்தபடியே வந்து என் கன்னத்தை அந்த நீல விரல்களால் வழித்தாள். பிறகு வாசலில் தொங்கிய கோணிப்பையை, உள்ளே ஒன்றும் தெரியாதபடி, மெதுவாக இழுத்து விட்டாள்.

"வேணா பாப்பா" என்றாள்.

வீடு சின்னதாக இருப்பதால் கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பரவாயில்லை, சின்னதாக இருந்தாலும் கண்ணாடிக்குள் அழகாகத்தான் தெரியும் என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன்.